மோட்டாரில் இயங்கும் நுரைத் தோட்டாத் துப்பாக்கி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் கண் மருத்துவப் புறநோயாளிகள் பிரிவில் பெற்றோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றியதாக இருக்கும். கண்ணாடியின் பவரைச் சரிபார்க்க வந்த சிறுவன், பிறந்த நாளுக்கு மோட்டாரில் இயங்கும் நுரைத் துப்பாக்கி வேண்டுமென்று வீட்டில் அடம் பிடித்துக்கொண்டிருப்பான். "நுரைதானே டாக்டர், என்ன செய்துவிடப் போகிறது? வாங்கிக் கொடுக்கலாமா?" என்று தாயார் கேட்பார்.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்தத் துப்பாக்கி, எத்தனை வயதுக் குழந்தை, எந்த இடத்தில் விளையாட்டு, கண்ணுக்கு என்ன காப்பு ஆகியவற்றைப் பொறுத்தே விடை அமையும். ஓடியாடி விளையாடுவது குழந்தைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செலவிடும் நேரம் கிட்டப்பார்வை தோன்றுவதைக் குறைக்க உதவுகிறது. ஆகவே இப்பொம்மையை அடியோடு மறுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. வாங்குவதென முடிவு செய்தால் எதை வாங்குவது, எப்படி விளையாட விடுவது, அடிபட்டால் என்ன செய்வது என்பவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

மோட்டார் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது?

நுரைப் பொம்மைகளின் வரலாறு பந்தில் தொடங்கியது. 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், வீட்டுக்குள் எறிந்தாலும் விளக்கோ சன்னலோ உடையாத நுரைப் பந்து ஒன்றை 'நெர்ஃப்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அப்பெயர் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் வசமாயிற்று. நுரைத் தோட்டாக்களை எய்யும் துப்பாக்கிகள் 1990-களின் தொடக்கத்தில் வந்தன. இன்று எக்ஸ்-ஷாட், டார்ட் ஸோன் முதலிய வேறு பல பெயர்களிலும் இவை கிடைக்கின்றன. நம் ஊர்ப் பொம்மைக் கடைகளிலும் இணையவழி அங்காடிகளிலும் இவற்றைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ பெட்டியில் கொண்டுவருவதும் உண்டு.

இத்துப்பாக்கிகளில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை ஸ்பிரிங்கில் இயங்குவது. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தியதும் அது விரிந்து காற்றைத் தள்ளும். அக்காற்று தோட்டாவை வெளியே தள்ளும். ஒவ்வொரு முறை சுடுவதற்கும் ஒருமுறை இழுத்தாக வேண்டும்.

இரண்டாம் வகை மோட்டாரில் இயங்குவது. இதனுள் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சிறு சக்கரங்கள் இருக்கும். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தில் இரு உருளைகள் கரும்பை இழுத்து மறுபுறம் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இச்சக்கரங்கள் நுரைத் தோட்டாவைக் கவ்வி இழுத்து முன்னே வீசுகின்றன. கிரிக்கெட் பயிற்சிக் கூடங்களில் உள்ள பந்து வீசும் இயந்திரமும் இவ்வாறே இயங்குகிறது. மின்கலத்தின் ஆற்றலில் சக்கரங்கள் சுழல்வதால் குழந்தைக்கு இழுக்கும் வேலை இல்லை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெளிவரும் மாதிரிகள் உண்டு. அழுத்திக்கொண்டே இருந்தால் தோட்டாக்கள் தொடர்ந்து பொழியும் மாதிரிகளும் உண்டு.

மோட்டார் வகை எப்போதும் ஸ்பிரிங் வகையைவிட வேகமாகச் சுடும் என்று எண்ணிவிட வேண்டாம். வலிமை மிக்க ஸ்பிரிங் துப்பாக்கிகளும் உள்ளன. மோட்டாரால் விளையாடும் முறையில் இரு மாற்றங்கள் ஏற்பட்டன. ஸ்பிரிங்கை இழுக்கக் கையில் சிறிது வலு வேண்டும். நான்கு வயதுக் குழந்தையால் பெரும்பாலும் அது முடியாது. அண்ணனின் துப்பாக்கியைத் தம்பி எடுத்தாலும் சுட முடியாது என்ற இயல்பான தடை அங்கே இருந்தது. மோட்டார் அத்தடையை நீக்கிவிட்டது. அடுத்ததாக, ஒவ்வொரு முறையும் இழுக்கும் அந்த ஓரிரு நொடிகளில் சுடுபவன் எதிரே இருப்பவனைப் பார்ப்பான். எதிரே இருப்பவனும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தோட்டாக்கள் தொடர்ந்து வரும்போது அந்த இடைவெளி கிடைப்பதில்லை. முதல் தோட்டா மார்பில் பட்டு, என்னவென்று குனிந்து பார்க்கும்போதே அடுத்தது முகத்தில் படலாம்.

வேகத்தைப் பற்றிச் சிறு கணக்கு

பொம்மைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் வேகத்தை 'ஒரு நொடிக்கு இத்தனை அடி' என்று குறிப்பிடுவார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான பொதுவான நுரைத் துப்பாக்கிகளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 70 அடி, அதாவது 21 மீட்டர். 2015-இல் வந்த நெர்ஃப் ரைவல் வரிசை, உருண்டை வடிவ நுரைக் குண்டுகளை நொடிக்கு ஏறத்தாழ 100 அடி வேகத்தில் எய்கிறது. 2021-இல் வந்த நெர்ஃப் ஹைப்பர் வரிசையின் வேகம் 110 அடி. இவ்விரண்டும் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே குறிக்கப்பட்டவை. பொழுதுபோக்காளர்களுக்கென விற்கப்படும் சில துப்பாக்கிகள் 150 அடியையும் எட்டுகின்றன.

நுரைத் தோட்டா ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். இவ்வளவு இலேசான பொருள் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் தாக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நொடிக்கு 70 அடி வேகத்தில் செல்லும் தோட்டாவைவிட, 150 அடி வேகத்தில் செல்லும் அதே எடையுள்ள தோட்டா நான்கரை மடங்கு ஆற்றலுடன் தாக்கும். எண்களில் 70-க்கும் 150-க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். கண்ணுக்கு அது பெரிய வேறுபாடு.

ஆறுதலான செய்தியும் உண்டு. நுரை இலேசானது என்பதால் காற்றின் தடையால் அதன் வேகம் விரைவாகக் குறைகிறது. ஆகவே தொலைவு கூடக் கூட ஆபத்து குறையும். மிக அருகிலிருந்து சுடுவதே மிகுந்த ஆபத்து. நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் வரும் தோட்டா 2 மீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியே ஆகும். கண்டு, உணர்ந்து, இமையை மூட அந்நேரம் போதாது. அப்படியே மூடினாலும் இமை தூசியைத் தடுக்குமேயன்றி அடியைத் தாங்காது.

கண்ணுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அச்சம்?

இதே தோட்டா முதுகிலோ தோளிலோ பட்டால் இலேசாகச் சுள்ளென்று வலிக்கும், அவ்வளவே. கண்ணின் நிலை வேறு. விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுள்ளது; எலும்பாலான கண்குழிக்குள் அமர்ந்திருக்கிறது. குழியின் வாய் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் உயரமும் உடையது. கிரிக்கெட் பந்தின் விட்டம் 70 மில்லிமீட்டருக்கு மேல் என்பதால், அது முகத்தில் பட்டால் அடியின் பெரும்பகுதியைப் புருவ எலும்பும் கன்ன எலும்பும் வாங்கிக்கொள்ளும். நுரைத் தோட்டாவின் விட்டமோ ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். எந்த எலும்பிலும் படாமல் அது நேராக விழியை எட்டிவிடும். பொருள் சிறிதானால் ஆபத்தும் சிறிது என்று மற்ற உறுப்புகளைப் பற்றிச் சொல்லலாம். கண்ணைப் பற்றிச் சொல்ல முடியாது.

விழியின் முன்புறம் திடீரென அழுத்தப்படும்போது, நீர் நிரம்பிய பலூனை ஒரு பக்கம் அழுத்தினால் பக்கவாட்டில் புடைப்பதுபோல் விழிக்கோளம் நடுப்பகுதியில் விரிகிறது. அவ்விரிவில் உள்ளேயுள்ள மென்மையான திசுக்கள் கிழிகின்றன. கருவிழியின் மேற்பரப்பில் சிராய்ப்பு ஏற்படலாம். கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் திரையின் அடிப்பகுதி கிழிந்து, கண்ணின் முன்னறையில் இரத்தம் தேங்கலாம். கண் வில்லை இடம் பெயரலாம். பின்னாளில் அதில் புரை விழலாம். கண்ணின் பின்புறத்தில் விழித்திரை வீங்கலாம், கிழியலாம், பிரிந்தும் போகலாம்.

இவை வெறும் அச்சுறுத்தல் அல்ல. 2017-ஆம் ஆண்டு இலண்டன் கண் மருத்துவர்கள், நுரைத் துப்பாக்கியால் கண்ணில் அடிபட்ட மூவரைப் பற்றிய அறிக்கையை பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அவர்களுள் இருவர் பெரியவர்கள். ஒருவன் 11 வயதுச் சிறுவன். மூவருக்கும் கண்ணின் முன்னறையில் இரத்தக் கசிவு இருந்தது. சிறுவனுக்குக் கருவிழியிலும் விழித்திரையிலும் வீக்கமும் காணப்பட்டது. குழந்தைகளோடு விளையாடும் பெரியவர்களின் கண்ணுக்கும் காப்பு வேண்டும் என்பதை இவ்வறிக்கை நமக்கு நினைவூட்டுகிறது.

இத்தகைய காயம் ஒவ்வொரு வீட்டிலும் நேர்வதில்லை. பெரும்பாலான குழந்தைகள் எந்தத் தீங்குமின்றி விளையாடி முடிக்கிறார்கள். ஆயினும் நேரும்போது இழப்பு பெரிது. அதைத் தடுக்க ஆகும் செலவோ ஒரு காப்புக் கண்ணாடியின் விலைதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாகப் பார்க்க வேண்டியது வயதுக் குறியீடு. அது விளம்பரத்துக்கான சொல் அன்று. 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று குறிக்கப்பட்ட துப்பாக்கியை, "என் பிள்ளை வயதுக்கு மீறிய கெட்டிக்காரன்" என்ற எண்ணத்தில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வாங்காதீர்கள். அந்த வயது வேகத்தைக் கருதி இடப்பட்டது. கெட்டிக்காரத்தனம் விழியைக் கெட்டியாக்காது. வீட்டில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் இருந்தால், அவர்களுள் மிக இளையவரின் வயதையே கணக்கில் கொள்ளுங்கள். மூத்தவரின் பொம்மை இளையவரின் கைக்குப் போகாத வீடு இல்லை.

இரண்டாவது, தர முத்திரை. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பொதுவான பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் அல்லது மின்கலத்தில் இயங்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644 என்ற தர எண் முத்திரையோடு இருக்கும். 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். பொருளின் பெயரோ தயாரிப்பாளரின் பெயரோ இல்லாமல், தெருவோரக் கடையில் நெகிழிப் பையில் தொங்கும் பொம்மையை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். முத்திரை இருப்பதாலேயே முகத்தை நோக்கிச் சுடலாம் என்று பொருளாகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நல்ல நிறுவனங்களின் பெட்டிகளிலேயே கண்ணையும் முகத்தையும் குறிவைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

மூன்றாவது, சுடும் முறை. முதன்முதலாக வாங்கும் குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே தோட்டா வெளிவரும் மாதிரி. தொடர்ந்து பொழியும் வகையைப் பிள்ளைகள் விதிகளைக் கடைப்பிடிக்கப் பழகிய பிறகு வாங்கலாம். சக்கரங்களைச் சுழலவைக்க ஒரு பொத்தானும், தோட்டாவைத் தள்ள ஒரு விசையும் எனத் தனித்தனியே இருப்பது நல்லது. இரண்டையும் அழுத்தினாலன்றிச் சுடாது. முழுவதுமாக நிறுத்தி வைக்கும் சுவிட்சு இருந்தால் மிக நல்லது. பொத்தானிலிருந்து கையை எடுத்த பின்னும் சக்கரங்கள் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும் என்பதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, தோட்டா. அதன் முனையை விரல்களால் அழுத்திப் பாருங்கள். எளிதாக அமுங்கும், உள்ளீடற்ற மென்மையான ரப்பர் முனையாக இருக்க வேண்டும். சில மலிவான தோட்டாக்களில் முனை கடினமான நெகிழியால் ஆனது. நுரை என்ற பெயர் அதற்கு உடலளவில்தான் பொருந்தும். அதே துப்பாக்கிக்கென அதே நிறுவனம் விற்கும் தோட்டாக்களையே பயன்படுத்துங்கள். முனை கிழிந்தவை, நுரை பிய்ந்தவை, முனை கழன்று உள்ளிருக்கும் பிசின் கட்டி தெரிபவை ஆகியவற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள். சுவரில் ஒட்டும் உறிஞ்சு முனை கொண்ட தோட்டாக்களைக் குழந்தைகள் வாயில் வைத்து மெல்லும்போது, அவை தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக் கூடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் எந்தத் தோட்டாவும் தரையில் கிடக்கக் கூடாது.

ஐந்தாவது, மின்கலம். மின்கல அறையின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். குறிபார்க்கும் விளக்கு, ஒலி எழுப்பும் இலக்குப் பலகை போன்ற உதிரிப் பொருள்களில் சில நேரம் பொத்தான் வடிவ மின்கலம் இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் அரிக்கப்படும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நிலை அது. லேசர் ஒளி பாய்ச்சும் உதிரிகள் வேண்டவே வேண்டாம். அவ்வொளி விழித்திரையைச் சுட்டுவிடலாம்.

வாங்கிய பின் துப்பாக்கியை மாற்றியமைக்கக் கூடாது. வலிமையான ஸ்பிரிங்கையோ மோட்டாரையோ பொருத்தி வேகத்தைக் கூட்டும் முறைகளை இளைஞர்கள் காணொளிகளில் பார்த்துச் செய்து பார்க்கிறார்கள். வழக்கமான மின்கலத்துக்குப் பதிலாக லித்தியம் பாலிமர் மின்கலத்தைப் பொருத்துவோரும் உண்டு. வேகம் கூடும்போது பெட்டியில் அச்சிட்ட வயதும் எச்சரிக்கையும் பொருளற்றுப் போகின்றன. அத்துடன், தகுந்த பாதுகாப்பின்றிப் பொருத்திய லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். தோட்டாவின் முனையில் குண்டூசி, ஆணி முதலியவற்றைச் செருகுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது கண்ணைக் குத்திக் கிழிக்கும் அம்பாகிவிடும்.

தவிர்க்க வேண்டிய வேறு சில

நுரைத் துப்பாக்கிக்கு அருகிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் வேறு இரு பொருள்களை அதனோடு சேர்த்து எண்ண வேண்டாம். கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும், சிறு நெகிழிக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கி ஒன்று. அக்குண்டின் விட்டம் 6 மில்லிமீட்டர்; கடினமானது; கண்ணுக்கு நுரையைவிட மிகக் கொடியது. நீரில் ஊறவைத்த ஜெல் மணிகளைச் சுடும் மோட்டார் துப்பாக்கி மற்றொன்று. அது கண்ணைத் தாக்கும் என்பதோடு, ஊறாத மணிகளைக் குழந்தை விழுங்கினால் அவை குடலில் ஊறிப் பருத்து அடைப்பை உண்டாக்கலாம். இவ்விரண்டையும் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை.

ஈர்க்குச்சி அம்பு, கிட்டிப்புள், உண்டிவில் ஆகிய நம் பழைய விளையாட்டுகளும் கண்ணைப் பறித்ததுண்டு. எனவே புதிய பொம்மையை மட்டும் குற்றவாளியாக்க நாங்கள் விரும்பவில்லை. பறந்து வரும் எதுவும், அது எவ்வளவு சிறியதாயினும், கண்ணருகே மதிப்புக்குரியது.

காப்புக் கண்ணாடி: விளையாட்டின் முதல் விதி

துப்பாக்கி எத்தனையோ காப்புக் கண்ணாடிகளும் அத்தனை. பார்வையாளர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள். பாலிகார்பனேட் என்னும் நெகிழியால் ஆன, கண்ணின் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடியே ஏற்றது. அமெரிக்கத் தரமான 'இசட் 87' குறியீடோ, ஐரோப்பியத் தரமான 'ஈ.என். 166' குறியீடோ அதன் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியக் குறியீட்டில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் உடையாத கண்ணாடி என்று பொருள். நுரைத் தோட்டாவுக்கு அது தாராளமாகப் போதும்.

பொம்மையோடு இலவசமாக வரும் மெல்லிய கண்ணாடியை நம்ப வேண்டாம், அதில் இக்குறியீடு இருந்தாலன்றி. பவருக்காக அணியும் கண்ணாடியும் வெயில் கண்ணாடியும் காப்பு ஆகா. கண்ணாடி வில்லை அடிபட்டு உடைந்தால் சில்லுகள் கண்ணுக்குள்ளேயே போகும். பவர் கண்ணாடி அணியும் குழந்தைக்கு அதன்மேல் அணியக்கூடிய பெரிய காப்புக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. வியர்வையில் ஆவி படிந்து பார்வை மங்கினால், விளையாட்டைவிட்டு வெளியே வந்த பிறகே கழற்றித் துடைக்க வேண்டும்.

இடமும் விதிகளும்

கொல்லைப்புறமோ வீட்டு முற்றமோ ஏற்ற இடம். மொட்டைமாடியில் விளையாடுவதாக இருந்தால், கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்க வேண்டும்; துரத்தியோடும் விளையாட்டு அங்கே கூடாது. தெருவை நோக்கிச் சுடக் கூடாது. இரு சக்கர வாகனத்தில் செல்பவரின் முகத்தில் நுரைத் தோட்டா பட்டால், அடியைவிடத் திடுக்கிடலால் விபத்து நேரும்.

விளையாட்டு தொடங்கும் முன் பெரியவர் ஒருவர் விதிகளைச் சொல்லி, குழந்தைகளைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். கண்ணாடி அணியாதவர் களத்துக்குள் வரக் கூடாது. கழுத்துக்குக் கீழேதான் குறி. ஐந்து மீட்டருக்குள் வந்தவரைச் சுடக் கூடாது. "பிடித்துவிட்டேன்" என்று சொன்னாலே வெற்றி. ஒருவர் "நிறுத்து" என்றால் எல்லோரும் துப்பாக்கியைத் தரையை நோக்கித் தாழ்த்த வேண்டும். தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டால் துப்பாக்கியின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. சுவிட்சை அணைத்து, சக்கரம் நின்றதும், மேலேயுள்ள மூடியைத் திறந்து பெரியவர் எடுத்துத் தர வேண்டும். ஒருவரையொருவர் சுடுவதைவிட, அடுக்கிய காகிதக் குவளைகளையோ தொங்கவிட்ட தகரத் தட்டையோ குறிபார்ப்பது சிறு குழந்தைகளுக்கு ஏற்ற தொடக்கம். அதிலும் கண்ணாடி அவசியமே.

வீட்டில் கண் நோயாளி இருந்தால்

இந்த இதழைப் படிப்போர் பலரின் வீட்டில் அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். கண்புரை அறுவைக்குப் பின் முதல் சில வாரங்கள் காயம் முழு வலுப் பெற்றிராது. அக்காலத்தில் அவர்கள் அமர்ந்திருக்கும் அறையிலோ திண்ணையிலோ இவ்விளையாட்டு வேண்டாம். கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டவரின் தையலிட்ட விளிம்பு எத்தனை ஆண்டுகளானாலும் இயல்பான கருவிழியின் வலுவை அடைவதில்லை. சிறு அடியிலும் அது பிரியலாம். அவர்கள் இவ்விளையாட்டின் அருகில் இருக்கவே கூடாது.

ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ள குழந்தை, மிகுந்த கிட்டப்பார்வை உள்ள குழந்தை, விழித்திரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோர் முதலில் தங்கள் கண் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவருக்கும் இரத்தக் கசிவு நோய் உள்ளவருக்கும் கண்ணுக்குள் கசிவு ஏற்பட்டால் அது எளிதில் நிற்காது. அரிவாள் உயிரணு நோயோ அதன் மரபுக்கூறோ உள்ளவருக்கு, கண்ணுக்குள் தேங்கும் சிறிதளவு இரத்தமும் கண் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம். நீலகிரி முதலிய மலைப்பகுதிப் பழங்குடிக் குடும்பங்களில் இந்நோய் காணப்படுவதால், அக்குடும்பத்தினர் இதை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

குழந்தையை அமைதியாக உட்கார வையுங்கள். யார் சுட்டது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திட்டு விழும் என்ற அச்சத்தில் "ஒன்றுமில்லை" என்று மறைக்கும் குழந்தைகளே எங்களிடம் காலம் தாழ்ந்து வருகிறார்கள்.

கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், தேன் என எதையும் விடாதீர்கள். வீட்டில் மீதமிருக்கும் பழைய சொட்டு மருந்தும் கூடாது. பஞ்சு வைத்து இறுகக் கட்ட வேண்டாம். காகிதக் குவளையின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் படியுமாறு வைத்து, ஒட்டும் நாடாவால் ஒட்டுங்கள். விழியை எதுவும் தொடக் கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகிய வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால் கொடுக்காதீர்கள். கடுமையான அடியாகத் தோன்றினால், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை உணவும் நீரும் கொடுக்க வேண்டாம். தலையைச் சற்று உயர்த்திய நிலையிலேயே அழைத்து வாருங்கள்.

பார்வை மங்குதல், புகை படிந்ததுபோல் தெரிதல், கருவிழிக்குக் கீழ்ப்பகுதியில் சிவப்புக் கோடு, கண்பாப்பாவின் வடிவம் மாறுதல், ஒளியைப் பார்க்கக் கூசுதல், மின்னல் கீற்றுகளோ மிதக்கும் புள்ளிகளோ தோன்றுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், அடிபட்ட பின் வாந்தி அல்லது சோர்ந்து தூங்குதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இரவு பகல் பாராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், கண்ணில் நேரடியாக அடிபட்டிருந்தால் அன்றே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. விழித்திரைக் கிழிசல் வலிப்பதில்லை.

குணமான பின்னும் ஒரு கடமை

கண்ணின் முன்னறையில் தேங்கிய இரத்தம் பெரும்பாலும் ஓய்விலும் சொட்டு மருந்திலும் சில நாள்களில் கரைந்துவிடும். ஆனால் முதல் ஐந்து நாள்களுக்குள் மீண்டும் கசியும் வாய்ப்பு உண்டு. இரண்டாம் கசிவு முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும். எனவே கண் தெளிந்துவிட்டது என்று மூன்றாம் நாளே குழந்தையை ஓடவிடாதீர்கள். இரவில் தலையணையை உயர்த்தி வையுங்கள். காப்பு மூடியை மருத்துவர் சொல்லும்வரை கழற்றாதீர்கள்.

பெற்றோர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அடிபட்ட கண்ணில், நீர் வடியும் கோணப்பகுதி உள்ளே சிதைந்திருந்தால், ஆண்டுகள் பல கழித்துக் கண் அழுத்த நோய் தோன்றலாம். அதற்கு வலியில்லை, அறிகுறியில்லை, பார்வை ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகக் குறையும். இழந்த பார்வையை மீட்க முடியாது. முன்னரே கண்டறிந்தால் மேலும் இழக்காமல் காக்க முடியும். ஆகையால் கண்ணுக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்ட ஒவ்வொரு குழந்தையும் காயம் ஆறிய சில வாரங்களில் கோணப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தத்தை வாழ்நாள் முழுவதும் அளந்துவர வேண்டும். அடிபட்ட தேதியையும் எந்தக் கண் என்பதையும் குழந்தையின் மருத்துவக் கோப்பில் எழுதி வையுங்கள். அக்குழந்தை வளர்ந்து வேலைக்குச் செல்லும் நாளில், அக்குறிப்பை நினைவூட்ட நாம் அருகில் இல்லாமல் போகலாம்.

பொம்மை வாங்கும் நாளில் பெட்டியைப் பிரிக்கும் முன், காப்புக் கண்ணாடியை முதலில் குழந்தையின் கையில் கொடுங்கள். அதைப் போட்டுக்கொண்டால்தான் துப்பாக்கி என்பது முதல் நாளிலேயே பழகிவிட்டால், பிறகு நினைவூட்ட வேண்டியிராது.